மார்செய்க்கு ஒன்றே கால் மணி நேரம்

நம் டிராவல்ஸ் கவுன்ட்டரில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பாரிஸ்லேருந்து அங்க எவ்ளோ நேரம்மா?" நீங்கள் திரையைப் பார்த்துச் சொல்கிறீர்கள். நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். மார்செய் ஒன்றே கால் மணி நேரம். துலூஸும் கிட்டத்தட்ட அதேதான். லியோன் கொஞ்சம் குறைவு. புதுச்சேரியில் இந்தப் பெயர்களெல்லாம் திண்டிவனம், விழுப்புரம் மாதிரிதான். "மாப்ள துலூஸ்ல இருக்காரு" என்றால் அது எங்கே இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

போன மாதம் அலுவலக விழாவுக்கு, ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், தூரம் எவ்ளோ, நேரம் எவ்ளோ எல்லாம் போன்லயே வந்துடுது. டிக்கெட்டும் அவங்களே போட்டுக்கறாங்க. நம்மகிட்ட எதுக்கு வரணும்?" இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருந்த நேரம். சிரித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு எனக்கு வாதமாகப் பதில் சொல்லத் தெரியாது. ஒரு நாள் நடந்ததைத்தான் சொல்லத் தெரியும்.

மூலக்குளத்திலிருந்து தேவராஜன் என்பவரும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். தேவராஜன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே மகள் கவிதா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்து, மார்செயில் இருந்தாள். மருமகன் இளங்கோ அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். கவிதாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். "அம்மா வந்து என்னைப் பார்த்த அப்புறம்தான் உள்ள போவேன்" என்று அவள் அழுததாக இளங்கோ போனில் சொன்னார்.

விசா இழுத்தடித்துக் கடைசி நேரத்தில்தான் கிடைத்தது. கணவன் மனைவி இருவருக்கும் கேட்டதில் சரோஜாவுக்கு மட்டும் வந்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும், அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலையில்தான் அந்த அம்மாவைப் பாரிஸில் இறக்க முடியும். அங்கிருந்து இன்னொரு விமானம். மதியத்துக்குள் மார்செய். சாயங்காலம் மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். மறுநாள் விடிந்ததும் கவிதாவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். தாளில் பார்த்தால் தாராளமாக நேரம் இருந்தது.

சரோஜாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நாம் செய்கிற வழக்கமான காரியத்தைத்தான் செய்தேன். நன்றாக நடக்கக்கூடியவர்தான் என்றாலும் டிக்கெட்டில் வீல்சேர் கேட்டு வைத்தேன். "எனக்கு எதுக்கும்மா தள்ற நாற்காலி, எனக்கென்ன காலா இல்ல?" என்று கோபித்துக்கொண்டார். "நாற்காலி உங்களுக்கு இல்லம்மா. அதைத் தள்ளிக்கினு ஒரு ஆள் வருவாரில்ல, அவருதான் உங்களுக்கு" என்றேன். புரிந்துகொண்டார். கைப்பேசியில் வெளிநாட்டு வசதி போட்டுக் கொடுத்து, என் எண்ணை முதல் எண்ணாக வைத்துக் கொடுத்தேன். சென்னை விமான நிலையத்தில் தான் உள்ளே போகும்போது தேவராஜன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதாகச் சரோஜா பிறகு சொன்னார்.

மறுநாள் காலை பதினொன்றரை மணி இருக்கும். சரோஜாவிடமிருந்து அழைப்பு.

"ம்மா, பாரிஸ் வந்துட்டேன். ஒரு தம்பி தள்ளிக்கினு வந்து இங்க உட்கார வச்சிட்டுப் போயிருக்குது. நம்ம தமிழ்தான் பேசுது. ஆனா வேற மாதிரி பேசுது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்.

"இங்க எல்லாரும் எழுந்து சத்தம் போடறாங்கம்மா. போர்டுல எழுத்து மாறிக்கினே இருக்குது. என்னன்னு தெரியல."

நான் திரையில் பார்த்தேன். வானில் விமானங்களுக்கு வழி சொல்லும் பணியாளர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். முதல் நாள் மாலை வரை மார்செய் விமானத்துக்குப் பாதிப்பில்லை என்றே காட்டியது. இப்போது ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றது. சிறிது நேரத்தில் அது மூன்று மணி நேரமாயிற்று. பிறகு இன்னும் கொஞ்சம் நீண்டது.

இந்தத் தொழிலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கெட்ட சொல் 'தாமதம்' என்பதுதான். 'ரத்து' என்று சொல்லிவிட்டால் நல்லது. விமான நிறுவனம் மாற்று வழி தந்தாக வேண்டும். நமக்கும் கைக்கட்டு அவிழ்ந்துவிடும். தாமதம் அப்படியில்லை. பயணியைக் கட்டிப் போட்டுவிடும். அங்கிருந்து வெளியே போனால் அவராகவே விமானத்தை விட்டுப்போனதாக ஆகும். வழியில் ஒரு பகுதியில் ஏறவில்லை என்றால், திரும்பி வருகிற டிக்கெட் உட்பட மீதி எல்லாம் தானாகவே ரத்தாகிவிடும். இது உங்களுக்குத் தெரியும். பயணிக்குத் தெரியாது.

அதற்குள் தேவராஜன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இளங்கோ அவருக்குப் போன் செய்திருக்கிறார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, ஒரு மணி நேரம்தான்னு சொன்னீங்க?"

"பறக்கிற நேரம் அதுதான் ஐயா. கிளம்பணுமே."

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"நம்ம ஊர்லேருந்து கன்னியாகுமரி போற தூரம்னு வச்சிக்குங்க. அதுக்கும் கொஞ்சம் மேல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை மனதில் பாரிஸையும் மார்செயையும் பக்கத்துப் பக்கத்து ஊராக வைத்திருந்திருப்பார். ஒரு மணி நேரம் என்றால் அவருக்குக் கடலூர்.

"அப்ப ரயிலு பஸ்ஸுன்னா ஒரு ராத்திரி முழுக்க ஆவுமே?"

"ரயில்னா நாலு மணி நேரத்துக்குள்ள போயிடும் ஐயா."

"கன்னியாகுமரிக்கு நாலு மணி நேரமா?" அவர் நம்பவில்லை. நான் அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்தார். ஆனால் அந்தக் கேள்விதான் என்னைத் தட்டி எழுப்பியது. அதுவரை நான் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மார்செய்க்கு நேரடியாக அதிவேக ரயில் போகும். உடனே தேடினேன். விமானம் கிடைக்காதவர்கள் எல்லாரும் ரயிலுக்குப் பாய்ந்திருந்தார்கள். மாலை வண்டிகளில் இடமே இல்லை. அடுத்து கிளம்பப்போகும் வண்டியில் மட்டும் சில இருக்கைகள் மிச்சம் இருந்தன. அது கிளம்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தது.

நான் நான்கு பேரிடம் பேசினேன். அந்த வரிசையை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

முதலில் இளங்கோ. மருத்துவமனை வராந்தாவிலிருந்து பேசினார். "மேடம், வேணாம். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. ஏர்போர்ட்ல இருந்தா யாராச்சும் பாத்துப்பாங்க. ஃப்ளைட் வந்துடும், வெயிட் பண்ணட்டும். ரயில்ல எங்கயாச்சும் நடுவுல எறங்கிட்டாங்கன்னா நான் எங்க போய்த் தேடறது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்து நம் முதலாளி. அவரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போதைய உரிமையாளருக்கு முன்பு இருந்தவர். குரல் உயர்த்தாமல் பேசுவார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் மேசை ஓரத்தில் நின்றார்.

"ஏம்மா, யோசிச்சுக்கோ. இப்ப அந்தம்மா ஏர்லைன்ஸ் பொறுப்பு. நீ சொல்லி வெளிய வந்துட்டா நம்ம பொறுப்பு. தொலைஞ்சு போனா இவருக்கு யார் பதில் சொல்றது?"

தேவராஜன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரையில் விமானத்தையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தேன். அங்கேயே உட்கார வைத்துவிட்டால் என்மேல் எந்தக் குற்றமும் வராது. விமானம் வரவில்லை என்றால் அது வேலைநிறுத்தத்தின் குற்றம். மகளைப் பார்க்க முடியாமல் போனால் அது விதியின் குற்றம். நம் தொழிலில் பல நேரம் பத்திரமான முடிவு என்று நாம் சொல்வது பயணிக்குப் பத்திரமானதா, நமக்குப் பத்திரமானதா என்று பார்ப்பதே இல்லை. அந்த நிமிடம் எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் ரயில் சரியான முடிவு என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இதுவரை எல்லாரும் சரோஜாவைப் பற்றிப் பேசினோம். சரோஜாவிடம் யாரும் பேசவில்லை.

கூப்பிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அம்மா, ரெண்டு வழி இருக்குது. அங்கயே உட்கார்ந்தா விமானம் இன்னும் மூணு மணி நேரத்துல வரலாம், வராமலும் போவலாம். உங்களை அவங்க பாத்துப்பாங்க. இல்லன்னா பக்கத்துலயே ரயில் இருக்குது, நேரா மார்செய்ல கொண்டுபோய் விடும். ஆனா அதுல நீங்க தனியாத்தான் போவணும். பெட்டி விமானத்துக்காரங்ககிட்டயே இருக்கும், அப்புறமா வரும். திரும்பி வர்ற டிக்கெட்டும் சிக்கலாவலாம், அதை நாங்க பாத்துக்கறோம். உங்களால முடியுமா?"

போனில் பின்னால் அறிவிப்பு ஒன்று கேட்டது.

"நீயா இருந்தா என்னம்மா பண்ணுவ?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். அப்போது விதிமுறையைச் சொல்லித் தப்பிக்காதீர்கள்.

"நானா இருந்தா ரயில்ல போவேன்மா."

"அப்ப போறேன்."

கடைசியாகப் பேசியது அந்த வீல்சேர் தம்பியிடம். சரோஜாவிடம், அந்தத் தம்பி எங்காவது கண்ணில் படுகிறாரா பாருங்கள் என்றேன். வேறொரு முதியவரை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். கையைத் தட்டிக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். நிலைமையைச் சொன்னேன். அவர் பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"விளங்கிட்டுது அக்கா. நான் யாழ்ப்பாணம். இஞ்சை வந்து கன காலம். ஸ்டேசன் வரைக்கும் போக எனக்கு அனுமதி இல்லை. ஆனா விடியவே வேலைக்கு வந்தனான், இப்ப எனக்குச் சாப்பாட்டு நேரம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அம்மாவை ரெயினிலை ஏத்திப்போட்டுத்தான் நான் சாப்பிடுவன்."

ரயில் சீட்டை எடுத்து அவர் எண்ணுக்கே அனுப்பினேன். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன். பெயரைக் கேட்க அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அப்புறம் அந்த எண்ணுக்குப் பலமுறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் நன்றி சொல்லாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வரும் வழியில் ஒரு காவலர் தடுத்திருக்கிறார். உள்ளே வந்த பயணி விமானம் ஏறாமல் ஏன் வெளியே போகிறார் என்று கேள்வி. தம்பி பிரெஞ்சில் பேசிப் பார்த்து, கடைசியில் சரோஜாவைக் காட்டி ஏதோ சொல்ல, வழி விட்டிருக்கிறார். என்ன சொன்னார் என்று சரோஜா கேட்டதற்கு, "என்ரை அம்மா எண்டு சொன்னனான்" என்றாராம். ரயிலில் இருக்கை வரை வந்து உட்கார வைத்து, பக்கத்து இருக்கையிலிருந்த பிரெஞ்சுப் பெண்மணியிடம் இவர் மார்செயில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்த ரொட்டியையும் கொடுத்துவிட்டு இறங்கினார். ரயில் நகர்ந்த பிறகு அவரிடமிருந்து எனக்குப் படம் ஒன்று வந்தது. சன்னல் ஓரத்தில் சரோஜா, மடியில் கைப்பை, கையில் ரொட்டி.

படத்தைத் தேவராஜனிடம் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது முதலாளி செய்ததைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றவர் அவர். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் தன் அறைக்குப் போனார். விமான நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டார். தாய் தன் மகளை அறுவை சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டிய நிலை, தாமதம் எவ்வளவு, எப்போது வெளியேறினார், பெட்டி எங்கே, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். வேறு ஆளைக் கேட்டார். அவருக்கும் மேலே உள்ளவரைக் கேட்டார். மதியச் சாப்பாடு மேசையில் ஆறிப்போய்க் கிடந்தது. கடைசியில் திரும்பி வரும் டிக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

"சார், நீங்க வேணாம்னு சொன்னீங்க. அப்புறமும்..." என்று இழுத்தேன்.

"முடிவு எடுக்கிற வரைக்கும் அது உன் முடிவு. எடுத்த அப்புறம் ஆபீஸ் முடிவு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவங்க சொன்னாங்க அவங்க சொன்னாங்கன்னு யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

உங்களில் சிலர் நாளைக்கு மற்றவர்களுக்கு மேலதிகாரி ஆவீர்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒரு முடிவை உங்களுக்குக் கீழே இருப்பவர் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போது குழம்புவீர்கள். அந்த மனிதர் அன்று என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் மாலையில் நிலைமை மாறியது.

நம்மூரில் வெயில் இறங்கிய நேரம். ரயில் மார்செயை நெருங்கியிருக்க வேண்டும். சரோஜாவின் போன் எட்டவில்லை. ரயில் விவரத்தைத் திறந்தேன். வழியில் சிக்னல் கோளாறு, வண்டி நடுவழியில் நிற்கிறது என்று வந்தது. எப்போது கிளம்பும் என்று போடவில்லை. அதே நேரத்தில் பழக்க தோஷத்தில் அந்த விமானத்தையும் பார்த்தேன். கிளம்பியிருந்தது. கிளம்பியது மட்டுமல்ல, மார்செயில் இறங்கியும் விட்டிருந்தது.

இளங்கோவிடமிருந்து போன். "மேடம், அந்த ஃப்ளைட் வந்துடுச்சு. ஆளுங்கல்லாம் வெளிய வந்துட்டாங்களாம். அத்தை எங்க மேடம்? போன் போவல. கவிதா கேட்டுக்கினே இருக்கா. நான் என்ன சொல்றது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

தேவராஜன் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். மதியம் முதலாளி வாங்கிக் கொடுத்த தோசையில் பாதியைச் சாப்பிட்டிருந்தார். அவரிடம் சொல்லலாமா, வண்டி நகர்ந்த பிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, அந்த விமானம் போய்ச் சேர்ந்துடுச்சு. ரயில் வழியில நிக்குது. அம்மா போன் கிடைக்கல. நான் காத்திருக்கச் சொல்லியிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்க."

அவர் தரையைப் பார்த்தார். வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவளைக் கேட்டுத்தானம்மா செஞ்சீங்க" என்றார் மெதுவாக. "அவ சரின்னாதான் சரிம்பா. முப்பது வருசமா நான் பாக்கறேன். உங்களுக்காக ஒண்ணும் சரின்னு சொல்லியிருக்க மாட்டா."

அந்த வார்த்தைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அவர் நிலையில் வேறு யாராக இருந்தாலும் அன்று என்னை எப்படி வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அடுத்த முறை இப்படி ஒரு இக்கட்டில் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பத்திரமாக உட்கார வைத்திருப்பேன். நம்மை நல்ல முடிவெடுக்கப் பழக்குபவர்கள் மேலதிகாரிகள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

அலுவலகத்தில் மற்றவர்கள் கிளம்பினார்கள். முதலாளி கிளம்பவில்லை. டீ வரவழைத்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்தபடியே குடித்தோம். ரயில் நகர்ந்துவிட்டது என்று திரையில் வந்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன்.

இளங்கோ ரயில் நிலையத்துக்கு ஓடினார். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் இருந்தது, ஆனால் நிறைய இல்லை. அதன் பிறகு எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. தேவராஜனின் போன் அவர் மடியில் கிடந்தது. அது ஒலித்தபோது எடுக்க அவருக்குக் கை வரவில்லை. என்னிடம் நீட்டினார்.

வீடியோ அழைப்பு. திரை முழுக்க மருத்துவமனைப் படுக்கை. கவிதா உட்கார்ந்திருந்தாள். சரோஜா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். சாய்ந்தபடியே கவிதா சிரித்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ஒரு பெண் அப்படிச் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா! அம்மா வந்துட்டாங்கப்பா!"

தேவராஜன் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதலாளி எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தேவராஜன் நேரில் வந்து சொன்னார். பெட்டி நான்கைந்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. உள்ளே மிளகாய்த்தூள் பொட்டலம் உடைந்து புடவையெல்லாம் சிவப்பாம்.

ஆனால் எனக்குள் ஒரு முள் இருந்தது. விமானத்தில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மகளைப் பார்த்திருப்பார். மகளோடு ஒன்றரை மணி நேரம் கூடுதலாக இருந்திருப்பார். கணக்குப் போட்டால் நான் தோற்றுத்தான் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் கை தயங்கியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சரோஜாவும் தேவராஜனும் அலுவலகத்துக்குள் வந்தார்கள். சரோஜா கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டுவிட்டேன்.

"அம்மா, விமானம் முன்னாடியே வந்துடுச்சு. தெரியுமா?"

"மாப்ள சொன்னாரு."

"உங்களை வீணா அலைய விட்டுட்டேன்னு..."

"என்னம்மா பேசற நீ?" என்று அதட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த ஏர்போர்ட்ல அரை நாள் உக்காந்திருந்தேன்னு வையி. போர்டைப் பாத்துக்கினு, எம் பொண்ணுக்கு என்ன ஆவுமோ ஏது ஆவுமோன்னு நெனைச்சு நெனைச்சே செத்திருப்பேன். அங்க இருந்தா நான் எங்கயும் இல்லம்மா. ரயில்ல ஏறிட்டேன் பாரு, அப்புறம் போய்க்கினே இருந்தேன். வழியெல்லாம் வயலு, திராட்சைத் தோட்டம். அது நடுவுல நின்னப்போகூட நான் பயப்படல. பாதிக்கு மேல வந்துட்டேன்னு தெரியும். பக்கத்துல இருந்த அம்மா என் கையைப் புடிச்சிக்கினு ஏதோ சொன்னாங்க. ஒண்ணும் புரியல. ஆனா நல்லதாத்தான் சொன்னாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எம் பொண்ணு அதுக்கு முந்தின வாரமெல்லாம் சிரிக்கவே இல்லியாம். நான் ரயில்ல தனியா வரேன்னு மாப்ள சொன்னதும் நம்பலியாம். 'எங்க அம்மாவா? தோ இருக்கற வில்லியனூர் போவணும்னாகூட அப்பாவைக் கூப்புடுவாங்களே'ன்னு நர்ஸம்மாங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளாம். மறுநா காலைல உள்ள தள்ளிக்கினு போவும்போது என்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா? 'நீயே தனியா வந்துட்ட. எனக்கு என்னம்மா பயம்?'னு சொல்லிட்டுப் போனா."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால அட்டவணையிலும் இல்லாத இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். முதலாளியைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அடுத்த வருசம் இவருக்கும் விசா போடணும்மா. ரெண்டு பேருமா போறோம்."

"தாராளமா. பாரிஸ்லேருந்து மார்செய்க்கு ஃப்ளைட்லயே போட்டுடறேன்மா, ஒன்றே கால் மணி நேரம்தான்."

"வேணாம் வேணாம்" என்றார் சரோஜா, கணவரின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிக்கொண்டே. "ரயிலே போடு. இவருக்கு நான் வழி காட்டிடுவேன்."

தேவராஜன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு படி இறங்கினார்.